வெல்டிங் விழாத கால்வட்டம்

பட்டறை வட்டாரத்தில் அவனுக்குக் கோணமானி என்று பெயர். குழாயை வளைத்தால் அரை டிகிரிகூடப் பிசகாது என்பதால் வந்த பட்டம். யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பான். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அவன் தங்கை கார் பந்தயம் ஓட்டுகிறவள். அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேட்காமல், பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்து அண்ணன் பட்டறையில் நிறுத்தினாள்.

"ரோல் கேஜ் நீதான் போடணும்ண்ணா. வேற யார் கையும் இதுல படக்கூடாது."

கார் உருண்டால் கூரை நசுங்கி ஓட்டுகிறவர் தலையில் இறங்காமல் தாங்கத்தான் அந்த இரும்புக் கூண்டு. அது இல்லாத வண்டியைப் பந்தயத் திடலுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

வரைவதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். ஹெல்மெட்டோடு அவளைச் சீட்டில் உட்காரவைத்து, தலைக்கும் குழாய் வரப்போகும் இடத்துக்கும் நடுவே கையை விட்டு அளந்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு, முன்கண்ணாடி ஓரமாக இறங்கும் இரண்டு கால்கள், கதவுகளுக்குக் குறுக்கே இரட்டைக் குழாய். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்தான். பிறகுதான் இரும்பைத் தொட்டான். கூண்டு உள்ளே போனபின் அவள் காலை மடக்கி, தலையைக் குனிந்து, ஒருவழியாக நுழைந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போறதுக்கே சர்க்கஸ்ல சேரணும் போலிருக்கே!"

"நீ முழுசா வெளிய வரணும்னுதான் இந்தப் பாடு" என்றான்.

சிக்கல் மேல் மூட்டுகளில் வந்தது. கூண்டு கூரையை ஒட்டி நிற்பதால், மூட்டின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் முனை எட்டாது. அதற்கு ஒரு வழி உண்டு. கூண்டின் கால்களுக்குக் கீழே காரின் தரையில் ஓட்டை போட்டு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி, மூட்டைச் சுற்றிலும் வெல்டிங் வைத்து, மறுபடி தூக்கி நிறுத்திய பிறகுதான் ஓட்டைகளை மூடும் கால் தகடுகளைத் தரையோடு பற்றவைக்க வேண்டும். இது அவனுக்கு அத்துப்படி. ஆனால் அன்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். "கோணமானி கைன்னா கைதான்யா!" என்று ஆளாளுக்கு ஏற்றிவிட, அந்த மிதப்பில் கால் தகடுகளை முதலில் பற்றவைத்துவிட்டான். எல்லோரும் போனபின் மல்லாக்கப் படுத்து மேலே விளக்கடித்தபோதுதான் கவனித்தான். பின் வளைவின் இரண்டு மூட்டுகளிலும் மேலே கால்வட்டம் வெல்டிங் விழாமல் வெறுமையாக இருந்தது.

தகடுகளை அறுத்து எடுத்துத் திரும்பச் செய்ய மூன்று நாள் பிடிக்கும். மறுநாள் காலை பந்தயச் சங்கத்தின் கூண்டு ஆய்வு. தங்கையிடம் சொன்னால் அந்த ஒரு பந்தயம் போகும், அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்துத்தான் வெளியே வந்தான். அவள் வாசலில் நின்று தோழியிடம் ஃபோனில் அளந்துகொண்டிருந்தாள்: "எங்கண்ணன் ஒரு வேலையை ரெண்டாந்தடவை செஞ்சு நான் பார்த்ததே இல்லடி."

அவன் உள்ளே திரும்பி வந்து, பெயின்ட் அடிக்குமுன் பள்ளம் நிரவப் பூசும் பட்டி டப்பாவைத் திறந்தான். மூட்டின் இடுக்கை அடைத்தான். காய்ந்ததும் தேய்த்தான். வெள்ளைப் பெயின்ட் அடித்தான்.

மறுநாள் ஆய்வாளர் கூரைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இது வெல்டிங்கா, வெண்ணெயா? இப்படி வழுக்குது!" என்று சிரித்து முத்திரை குத்தினார். கோணமானியும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசும்.

மூன்றாவது பந்தயத்தில் பின்னால் வந்த கார் இடித்து, தங்கையின் வண்டி இரண்டு முறை உருண்டது. அத்தனை பேரும் ஓடினார்கள். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். ஓடி என்ன பார்க்கப்போகிறோம் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் தானாகவே தவழ்ந்து வெளியே வந்தாள். தோளில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நேராக வந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"உன் கூண்டுதான்ண்ணா என்னைக் காப்பாத்துச்சு."

முதுகில் தட்டினார்கள், கை குலுக்கினார்கள். வீட்டில் அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கையாலதான்டா என் பொண்ணு பொழைச்சா." கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்து அம்மா இன்னும் அழுதாள்.

நசுங்கிய வண்டி பட்டறைக்கு வந்தது. காலையில் முதல் வேலையாக உள்ளே நுழைந்து பார்த்தான். வண்டி அவள் உட்காராத பக்கமாக விழுந்திருந்தது. அந்தப் பக்கத்து மூட்டில் பட்டி உதிர்ந்து, குழாய் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்திருந்தது. இன்னொரு அடி வாங்கியிருந்தால் கழன்றே வந்திருக்கும்.  பிறகு அந்த மூட்டில் ஒரு பழைய துணியைச் சுற்றிவைத்தான். நான்கு நாள் அது அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பல் டாக்டர் வந்தார். அவர் மகள் புதிதாகப் பந்தயத்தில் இறங்குகிறாளாம். தங்கைதான் பெருமையாக அழைத்து வந்திருந்தாள்.

"உங்க தங்கச்சிக்குப் போட்டீங்களே, அச்சு அசலா அதே மாதிரி போட்டுக் குடுங்க" என்றார் டாக்டர்.

"அதே மாதிரி போடமாட்டேன்."

தங்கை சிரித்தாள். "ஒரு விபத்துல ஆள் பெரிய மனுஷன் ஆயிட்டாரு, பிகு பண்றாரு சார்."

அவன் சிரிக்கவில்லை. "வா" என்று அவளை வண்டிக்குள் கூட்டிப்போய்த் துணியை அவிழ்த்துக் காட்டினான். அவள் நகத்தைப் பிளவுக்குள் விட்டாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பட்டிக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை அவள்.

"தெரியாம விட்டுட்டியா?"

"தெரிஞ்சுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரேஸை விட்டிருப்பேனே."

"மானம் போயிடும்னு இருந்துச்சு."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்."

அவள் விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்தாள். பிறகு, "வேற எந்தெந்த வண்டிக்கு இப்படிப் பண்ணே?" என்றாள்.

"எதுக்கும் இல்ல. எல்லாத்துக்கும் கீழ இறக்கித்தான் வெல்டு வச்சேன்."

"ஊரார் புள்ளைங்களுக்கெல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்கே. எனக்கு மட்டும் பட்டி."

 பட்டறை வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற டாக்டர், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்டினார்.

அன்று மத்தியானமே கோணமானி ஆய்வாளரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் திட்டவில்லை. "நான் வெண்ணெய்னு சொல்லிச் சிரிச்சேனே" என்று மேசையைப் பார்த்தபடி இருந்தார். ஓராண்டுக்கு அவன் போடும் கூண்டு எதுவும் செல்லாது என்று சங்கத்தில் முடிவானது. கோணமானி என்ற பெயர் தானாகவே உதிர்ந்தது. இப்போது பட்டி என்று கூப்பிடுகிறார்கள். அதற்கும் திரும்பிப் பார்க்கிறான்.

அம்மாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று தங்கை தடுத்துவிட்டாள். "அவங்க நிம்மதியைக் கெடுக்காதே. அவங்க புகழும்போது கேட்டுக்கிட்டு உட்காரு." வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தக் கதையை எடுத்துவிடுவாள். அவன் எழுந்து போவதில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தங்கையின் அடுத்த வண்டிக்கு வேறு ஊர்ப் பட்டறையில் கூண்டு போட்டார்கள். அவன் இப்போதும் அவளுடைய பந்தயங்களுக்குப் போகிறான். வண்டிகளைத் தயார்செய்யும் இடத்துக்குள் போவதில்லை. கம்பிவேலிக்கு வெளியே கூட்டத்தோடு நிற்கிறான். போன மாதம் அவளே வேலியருகே வந்தாள்.

"ஏன் வெயில்ல காயறே? உள்ள வா."

"பரவாயில்ல, இங்கயே நிக்கிறேன்."

அவள் வற்புறுத்தவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கம்பி வழியாக நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டியபடி அவள் வண்டியை நோக்கி நடந்தாள்.