பத்து வயதுக்கு ஒரு புத்தகம்

கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த தர்ஷனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் எழுந்து கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தான். தண்ணீர்க் குழாயை மாற்றினான். லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடக் கான் வெட்டினான். செய்ய வேலை ஒன்றும் மிச்சமில்லை என்றானபோது வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தான். தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும் அவன் மனைவி சிவானுஜா, கொஞ்ச நேரம் உட்காரக் கூடாதா என்று தினமும் கேட்டுவிட்டே மலையேறினாள்.

அவனைக் குடைந்துகொண்டிருந்தது மகள் லக்ஷனாவின் மரியாதை. தாயிடம் தலை பின்னும்போது மல்லுக்கு நிற்பாள், சோறு குழைந்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவன் உள்ளே நுழைந்தால் மட்டும் குரல் அடங்கிவிடும். சாப்பிட்டீர்களா, தேத்தண்ணி வேண்டுமா என்று தூரத்து உறவுக்காரரிடம் கேட்பதைப் போலக் கேட்பாள்.

வந்த அன்று பெட்டியைத் திறந்து அவன் முதலில் எடுத்தது புத்தகங்களைத்தான். கொழும்பில் பஸ் ஏறுவதற்கு முன் அலைந்து வாங்கியவை. கட்டாரில் தொழிலாளர் கேம்ப் அறையில் கண்டிக்காரர் ஒருவர் இருந்தார். வேலை முடிந்து வந்தால் கட்டிலில் சாய்ந்து புத்தகத்தை விரித்துவிடுவார். சுற்றிலும் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அவர் முகத்தில் ஓர் அமைதி. அது தன் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று தர்ஷன் ஆசைப்பட்டான். வாங்கி வந்தவற்றில் பளபளவென்ற தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு வரி, முயலும் நிலாவும். லக்ஷனா நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் வாசித்து முடித்தாள். நல்லா இருக்குப்பா என்று சொல்லி ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

மறுநாள் பக்கத்துக் காம்பரா வீட்டில் நடை பழகும் குழந்தையின் கையில் அந்த முயல் புத்தகம் இருந்தது. தர்ஷன் மனைவியிடம் குறைப்பட்டான்.

"அவளுக்குப் பத்து வயசாச்சுங்க," என்றாள் சிவானுஜா. "நீங்க போகும்போது தோள்ல ஒக்காந்திருந்த புள்ளைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அப்படியானால் புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் புத்தகமாக வாங்கிவிடலாமா என்று கேட்டான். அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் குவிந்து கிடக்கிறது, வாசிப்பென்றாலே அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது என்றாள் அவள்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனான். பஸார் வீதியில் நளீரா என்ற அம்மா நடத்தும் புத்தகக் கடை. உள்ளே போன வேகத்தில் பொது அறிவு, ஆங்கில இலக்கணம், பெரிய மனிதர்களின் வாழ்க்கை என்று கைக்கு வந்ததை எல்லாம் அள்ளினான். நளீரா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மகளுக்கு என்ன விருப்பம், தம்பி?"

தர்ஷன் லக்ஷனாவைப் பார்த்தான். அப்பா எது வாங்கினாலும் சரி என்றாள் அவள், தரையைப் பார்த்து.

நளீரா அவன் கையிலிருந்தவற்றை வாங்கி மேசையில் வைத்தார். "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பக்கத்துல நிண்டா புள்ள உங்கட மொகத்தத்தான் பாக்கும், புத்தகத்தப் பாக்காது."

டீ நாக்கைச் சுட்டது. பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான். பஸ் நிலையம்வரை போய் நமுனுகுல பஸ் நிற்கிறதா என்று பார்த்தான். திரும்பி வந்து பழக்கடையில் வாங்காமலே விலை கேட்டான். பிள்ளையைத் தனியே விட்டுவந்தது சரியா, அவள் எதையும் தொடாமல் நின்றுகொண்டே இருப்பாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் கடைக்கே போய்விட்டான்.

அலுமாரிகளுக்கு நடுவே லக்ஷனா தரையில் உட்கார்ந்திருந்தாள். அருகில் வேண்டாமென்று ஒதுக்கியவை ஒரு குவியல். முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னாராம் நளீரா. அடுத்த பக்கத்தைப் புரட்ட மனசு வந்தால் வைத்துக்கொள், வராவிட்டால் கீழே போடு, யாரும் ஏச மாட்டார்கள் என்றாராம். அவள் மடியில் இருந்தது கறுப்பு அட்டை போட்ட கதைப் புத்தகம். பாடத்துக்கு உதவுமா என்று கேட்க நினைத்தான் தர்ஷன். கேட்காமலே அதை வாங்கிக் கொடுத்தான்.

பஸ்ஸில் அவள் ஜன்னலையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. பசறை தாண்டி வளைவுகள் கூடியபோது தலை சுற்றுகிறது என்று விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள். என்ன கதை என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒரு ரயிலு சொரங்கத்துக்குள்ள போகுதுப்பா. வெளிய வரும்போது கடைசிப் பொட்டியக் காணோம். அதுல கொடி காட்டுற காட் ஒருத்தர் இருந்தாரு, அவரையும் காணோம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் படிச்சேன்."

காணாமல் போன பெட்டி அவனைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் புத்தகமும் கையுமாக இருந்தாள். அவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் கட்டிலில் கிடந்த புத்தகத்தை எடுத்தான். பள்ளியை விட்ட பிறகு அவன் ஒரு கதையையும் வாசித்ததில்லை. எழுத்துக்கூட்டுவதைப் போலத்தான் தொடங்கினான், போகப்போக வேகம் பிடித்தது. முதலில் நின்றுகொண்டு, பிறகு வாசற்படியில் உட்கார்ந்து. மத்தியானச் சோற்றை ஆக்கி வையுங்கள் என்று சிவானுஜா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சோறு அடிபிடித்துத் தீய்ந்தது அவனுக்குத் தெரியவில்லை.

தலை நிமிர்ந்தபோது சீருடையோடு லக்ஷனா எதிரில் நின்றாள்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"முடிச்சிட்டேன், பாப்பா."

அவள் முகம் சிவந்தது. பையை வீசினாள். "அது என்னோட புத்தகம். நான் இன்னும் பாதியிலதான் நிக்கிறேன். ஒங்கள யாரு எடுக்கச் சொன்னா?" புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இந்தக் குரலை அவள் தாயிடம் மட்டும்தான் காட்டுவாள் என்று தர்ஷன் நினைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கப் போனவன், கேட்டால் அவள் மறுபடி மரியாதைக்குப் போய்விடுவாளோ என்று பயந்து அதை விட்டுவிட்டான்.

திரும்பாமலே கேட்டாள். "அந்த காட் கெட்டவரா?"

"சொல்ல மாட்டேன்."

"மொகத்தாலயும் சொல்லக்கூடாது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். தீய்ந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்த சிவானுஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாளில் லக்ஷனாவும் முடித்தாள். காட் ரயில் பெட்டியை மறைத்து வைத்தது சரி என்றான் தர்ஷன். அது களவு என்றாள் அவள். சாயங்காலம் முழுவதும் சண்டை ஓயவில்லை. பிறகு அவளே ஓர் ஏற்பாடு சொன்னாள். அடுத்த புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்க வேண்டும், ஒன்றை அவன் கட்டாருக்குக் கொண்டுபோக வேண்டும், அவள் போனில் சொல்லும் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போய்க் கேட்டபோது நளீராவிடம் இருந்தது ஒரு பிரதிதான். மற்றதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து நமுனுகுல பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

லீவு முடிய அதிக நாளில்லை. ஒவ்வொரு பஸ்ஸின் சத்தத்துக்கும் தர்ஷன் ரோட்டுக்கு ஓடினான். பார்சல் வந்ததா என்று கேட்கும் முன்பே கண்டக்டர் இல்லையென்று தலையாட்டினார். பின்னாலேயே ஓடி வந்த லக்ஷனா, சரியாகக் கேட்டீர்களா, சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொன்னீர்களா என்று அவனைக் கடிந்துகொண்டாள்.