எண்ணெய் தொட்ட கை

அண்டியாபீஸில் பருப்பு உடைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்த அண்டிப்பருப்பே ஆகாத பிள்ளை பிறந்தால் அவள் என்னதான் செய்வாள்? கருங்கல் பக்கத்துத் தேவகனிக்கு அப்படித்தான் வாய்த்தது. ஊரில் பாதிப் பெண்கள் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில்தான் வேலை பார்க்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத சீக்கு இவள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை ஜினிஷாவுக்கு ஐந்து வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் பாதிப் பருப்பு வாயில் போயிற்று. அவ்வளவுதான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. நாகர்கோவில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, முந்திரி, பாதாம், நிலக்கடலை எதுவும் பிள்ளையின் பக்கத்தில் வரக்கூடாது என்றார். தேவகனியின் வேலையைக் கேட்டு, குளித்து உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்றார். "வெளிய எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க. உங்க கையால செஞ்சது மட்டும்தான்" என்றார்.

அந்தச் சொல்லைத் தேவகனி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மாலையில் வந்ததும் கிணற்றடியில் தலையோடு குளிப்பாள். ஆபீஸ் சேலை வீட்டுக்குள் வராது, பின்னால் விறகுப்புரையில் தொங்கும். சாப்பாட்டுப் பையை வெளியிலேயே உதறித் துடைத்துத்தான் உள்ளே எடுப்பாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. புருஷன் மஸ்கட்டில். பிள்ளைக்கு ஒன்று வந்தால் இவள் ஒருத்திதான் ஓட வேண்டும்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. எட்டு வயதுக்கு ஆறு வயதுப் பிள்ளைபோல் இருந்தாள். புரோட்டீன் போதவில்லை என்றார் டாக்டர். அடுத்த வீட்டு ராகேல்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள், சொந்தப் பிள்ளை இல்லாதவள். பள்ளிவிட்டு வரும் ஜினிஷாவை, தேவகனி வரும்வரை வைத்துப் பார்ப்பது அவள்தான். தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"அடுப்பே பத்த வைக்காண்டாம் கனி. பேரீச்சம்பழத்த இடிச்சு, பொரிகடல மாவு, பூசணி வித்து சேத்துத் தட்டிப் போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். கடைல பேப்பர் சுத்தி புரோட்டீன் பார்னு விக்கான்லா, அதுதான்."

தேவகனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிக்சிக்குப் புதிய ஜார் வாங்கினாள். பூசணி விதையைத் தானே காய வைத்து உடைத்தாள். கணவன் அனுப்பிய பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து அரைத்து, மாவும் விதையும் சேர்த்துப் பிசைந்தால் பிசின்போல் விரலை விடாது. அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துத் தொட்டுக்கொள்வாள். வாட்டிய வாழையிலை விரித்த தட்டில் அழுத்தித் தட்டி, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து வில்லை போடுவாள். பள்ளிக்கூடப் பையில் தினம் ஒன்று. மற்றப் பிள்ளைகளைப்போல் தன் பிள்ளையும் பேப்பர் சுற்றிய ஒன்றைப் பிரித்துத் தின்கிறதே என்று அவளுக்கு அப்படியொரு பெருமை.

மூன்றாம் வாரம் பிள்ளைக்கு மாலைகளில் தடிப்பு வந்தது. ஒருநாள் கழுத்தில், ஒருநாள் உதட்டோரம். பள்ளிக்கூடத்தில் கேட்டாள், ஒன்றும் தரவில்லை என்றார்கள். பிறகு மிச்சம் யார்? சந்தேகம் வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் தெரியுமா? நேராக ராகேல் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"எம் பிள்ளைக்கு என்னத்தக் குடுத்திய?"

"நான் ஒண்ணும் குடுக்கல்ல கனி. சத்தியமா."

"பெத்திருந்தா தெரியும். இனி எம் பிள்ளைக்கு ஒரு மடக்கு வெள்ளம் குடுக்காண்டாம். எம் முற்றத்துல காலும் வைக்காண்டாம்."

பெத்திருந்தா தெரியும் என்று ஒரு பொம்பளையைப் பார்த்து இன்னொரு பொம்பளை சொல்லலாமா? தேவகனி சொன்னாள். ராகேல் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் வீட்டுச் சன்னல் பக்கம் நின்று ஜினிஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பிள்ளை கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக வீடு திறந்தாள். பசிக்குமே என்று தேவகனி டப்பாவில் கூடுதலாக இரண்டு வில்லை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்கு தேவகனி வீட்டில் டப்பா விழுந்து உருளும் சத்தம் ராகேலுக்குக் கேட்டது. பிறகு இருமல். பிறகு ஒன்றுமில்லை. ராகேல் முற்றத்தையும் பார்க்கவில்லை, சொல்லையும் பார்க்கவில்லை. பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, முக்கில் நின்ற ஆட்டோவில் கருங்கல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஊசிக்கு வேலை இருந்திருக்காது என்று நர்ஸ் சொன்னாளாம்.

தேவகனி ஆபீஸிலிருந்து நேரே ஓடி வந்தாள். சேலைகூட மாற்றவில்லை. கட்டிலில் பிள்ளை மூக்கில் குழாயோடு கண் திறந்து கிடந்தது. அப்போதும் அவள் ராகேலைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: "என்னத்தக் குடுத்திய?"

ராகேல் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். கடித்த பார், பாதி. "இதுதான் பிள்ளைக்க கையில இருந்துது."

தேவகனிக்கு ஒன்றும் ஓடவில்லை. பிள்ளை காலைச் சொறிந்துகொண்டிருந்தது. பெற்றவள் கை சும்மா இருக்குமா? சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துத் திறந்து, தடவிவிட விரலை முக்கினாள். முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டால் தோல் பொத்துப்போகும். அதனால் உடைக்கிற பெண்கள் எல்லோரும் பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் குப்பி வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை விரலை முக்குவார்கள். மாலையில் குப்பி வீட்டுக்கு வரும், காலையில் நிரப்பிக்கொண்டு திரும்பப் போகும்.

ராகேல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இது ஆபீசுக்குக் கொண்டுபோற குப்பியா?"

"ஆமா."

"பார் தட்டுததும் இதத் தொட்டுத்தானா?"

தேவகனி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் வண்டல். பருப்பின் வெள்ளைப் பொடியும் சிவந்த தொலியுமாக ஒரு விரற்கடைக்கு இறங்கிக் கிடந்தது. இத்தனை நாளும் சேலையைக் கழற்றினாள், தலைக்குக் குளித்தாள், ஜாரை மாற்றினாள். கையைக் காப்பாற்றுகிற எண்ணெயை மட்டும் அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

"மக்களே," என்றாள் பிள்ளையைப் பார்த்து. "பார் திங்கும்போ ஒனக்கு அரிக்குமா?"

ஜினிஷா ஆம் என்று தலையசைத்தாள்.

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீங்க வேலைக்குப் போயிட்டு வந்து, இருக்கக்கூட செய்யாம நின்னு செய்யுதியல்லா. சொன்னா நீங்க அழுது கரைவிய." பிள்ளை ராகேலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "ராகேல் பெரியம்மைய ஏசினப்பவும் சொல்லப் பயமா இருந்துது."

ராகேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவகனிக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. இரண்டுக்கும் கட்டிலருகில் போக வேண்டும். அவள் மேலில் ஆபீஸ் சேலை.

வெளியே குழாயடிக்குப் போய் சோப்பை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நர்ஸின் பழைய உடுப்பொன்றைக் கெஞ்சி வாங்கி மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் கஞ்சி வந்திருந்தது. ஸ்பூனில் எடுத்து ஊதி, பிள்ளையின் வாயருகில் கொண்டுபோனாள்.

ஜினிஷா வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்தாள். பிறகு, தின்னலாமா என்று கேட்பதுபோல் ராகேலைப் பார்த்தாள்.

தேவகனி ஸ்பூனை ராகேலிடம் நீட்டினாள்.