ஐஸ் கம்பெனிப் பங்கு

தனிஸ்லாஸ் பேனாவக் கீழ வைக்கவும் மாடிப்படியில செருப்புச் சத்தம் கேக்கவும் சரியா இருந்துச்சு. வெள்ளத் துப்பட்டி தலைலருந்து சரிய, மூச்சு வாங்க ஏறி வந்தது சுல்தான் பீவி. சிம்மக்கல்லுல, இந்தக் கம்பெனி ஆபீசுக்கு ரெண்டு தெரு தள்ளி ஆப்பக்கடை போட்டிருக்குற அக்கா. தனிஸ்லாஸ் பி.ஏ. படிச்சிட்டு வேலையில்லாம சுத்துன காலம் பூரா அவங்க கடையிலதான் கடன் சொல்லித் தின்னான். "ஐஸ் கம்பெனி வருதுக்கா, நான்தான் கணக்கு, இருபது பங்கு எடுங்க"ன்னு அவன் போய் நின்னப்ப, என்ன ஏதுன்னு கேக்காம அம்பது ரூவாய எடுத்து நீட்டுனாங்க.

"தம்பி, அம்பதோட முடிஞ்சிருச்சின்னுல்ல நெனச்சேன்! பக்கத்துக் கடை சேக் இஸ்மாயில் சொல்றான், அது முன்பணந்தானாம். இன்னும் நூத்தம்பது கட்டணுமாம். கட்டலைன்னா போட்டதும் போச்சாம். மெய்யா?"

மெய்தான். பங்கு பத்து ரூவா. மனுப் போடுறப்ப ரெண்டரை, பங்கு ஒதுக்குனதும் ரெண்டரை, மிச்சம் கம்பெனி கேக்குறப்ப. இத அவன் சொல்லாம விடல. வேகமா சொன்னான், அம்புட்டுதான்.

"நூத்தம்பதுக்கு நான் எங்க தம்பி போவேன்? எம் பேர அடிச்சிட்டுக் காசக் குடுத்துரு. பங்கு ஒதுக்குன கடுதாசி தபால்ல விழுந்துட்டா அப்பறம் மாத்த முடியாதாம்ல. போயிருச்சா?"

போகல. அவன் எடது முழங்கைக்குக் கீழ, விரிச்சு வச்ச பேரேட்டுக்கு அடியில கட்டாக் கெடக்கு. காலையிலதான் டைரக்டருக கூடி, கேட்டவங்களுக்கெல்லாம் பங்க ஒதுக்கித் தீர்மானம் போட்டாங்க. அதுவரைக்கும் பாங்குல கெடந்தது ஊரான் காசு. தொட்டா ஜெயிலு. இப்பத்தான் அந்த முன்பணத்த அப்படியே பங்கு மூலதனக் கணக்குக்கு மாத்தி எழுதிருக்கான். மை கூட இன்னும் காயல. பியூன் காசிமாயன் சாப்புட்டு வந்ததும் கட்டத் தூக்கிட்டுப் போயித் தபால்ல போட்டா கம்பெனி கால் ஊனி நின்னுரும். ஆனா ஒண்ணு. கொறஞ்சது ரெண்டாயிரம் பங்கு விக்கணும், விக்கலைன்னா அத்தன பேர் காசையும் திருப்பிக் குடுக்கணும்னு சட்டம். வித்தது ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. இந்தக்கா இருபத உருவுனா கம்பெனியும் இல்ல, கணக்குப்பிள்ளையும் இல்ல. அவனுக்கும் ஆனிமேரிக்கும் கோயில்ல ரெண்டு ஞாயித்துக்கெழம கல்யாண ஓல வாசிச்சாச்சு. மாமனாரு பொண்ணக் குடுக்குறது இந்த நாற்காலியப் பாத்து.

அந்நேரம் பாத்து உள் ரூம்புலருந்து டைரக்டர் ஞானமுத்து ஐயா சத்தம் குடுத்தாரு. "ஏப்பா தனிஸ்லாஸ், தபாலு போயிருச்சா?"

"போயிருச்சுங்கய்யா."

ஒரே பொய்யி, ரெண்டு பேருக்கும் பதில்.

சுல்தான் பீவி அப்படியே பெஞ்சில உக்காந்தாங்க. துப்பட்டி முனையால மொகத்தத் தொடச்சாங்க. திட்டுவாங்கன்னு பாத்தான். சிரிச்சாங்க.

"சரி விடு. ஐஸுல காசப் போட்டா கரையத்தான செய்யும்."

"அக்கா..."

"ஒம்மேல என்னடா கோவம்? புள்ளைக்கி ஒரு வேல நெலைக்கட்டுமேன்னுதான போட்டேன். இருக்கட்டும், வளவியக் கிளவிய வித்தாவது கட்டப் பாக்குறேன். வாரேன் தம்பி."

எந்திரிச்சாங்க. தனிஸ்லாஸுக்கு அவங்க போயிட்டா தேவலன்னு இருந்துச்சு. போகாம இருந்தாலும் தேவலன்னு இருந்துச்சு. படி வரைக்கும் போயிட்டாங்க. அவங்களுக்கு வழி விட்டு, சுவரோட ஒட்டி உள்ள வந்தான் காசிமாயன், வாயில வெத்தலையோட.

"அண்ணே, அந்தக் கடுதாசிக் கட்டக் குடுங்க. தபால் எடுக்குறதுக்குள்ள போட்டுட்டு வாரேன்."

கீழ ஜட்கா வண்டிக்காரன் எவனோ குதிரைய வஞ்சுக்கிட்டுப் போனான். சுல்தான் பீவி திரும்பி வந்தாங்க. அவன் மொகத்தப் பாக்கல. பேரேட்ட ஒத்த விரலால தள்ளுனாங்க, ஈர எழுத்துல விரல் பட்டு மை இழுவிருச்சு. கட்ட அவுத்து, உறைய ஒவ்வொண்ணா மேசையில பரப்புனாங்க. அம்புட்டும் ஒரே காக்கிக் கலரு, அம்புட்டுலயும் இங்கிலீசு டைப்பு. ஒண்ண எடுத்தாங்க, வச்சாங்க. இன்னொண்ண எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க.

"இதுல எது தம்பி என்னோடது?"

உள்ள ஞானமுத்து ஐயா நாற்காலி நகர்ற சத்தம். தனிஸ்லாஸு கை உறைகளுக்கு மேல போயி, எதையும் தொடாம அந்தரத்துல நின்னுச்சு. மை பட்ட விரல அவங்க துப்பட்டியில தொடைக்கல. அப்படியே நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, அவன் கையையே பாத்துக்கிட்டிருந்தாங்க.