செண்பகவடிவுக்கு நூற்றெட்டுத் தேங்காய்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் குமுதினி வீட்டுத் தொலைபேசியை, திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஏழரையிலிருந்து எட்டு மணி வரைக்கும் யார் அடித்தாலும் எடுக்க ஆளில்லை. பாரிஸிலிருந்து மைத்துனர் அடித்தாலும் சரி, மகாராணியே அரண்மனையிலிருந்து அடித்தாலும் சரி, எட்டு மணிக்குப் பிறகுதான் பேச்சு. அந்த அரை மணி நேரம் ‘கருங்கிணற்று வீடு’ தொடருக்கு உரியது.

தொடரின் கதை இதுதான். மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து கிணற்றில் தள்ளிக் கொன்ற செண்பகவடிவு என்ற மருமகள் பேயாகத் திரும்பி வந்து அதே வீட்டில் குடியிருக்கிறாள். நல்ல பேய். யாரையும் கொல்வதில்லை. மாமியார் குழம்பில் உப்புக் குறைவு என்று வாய் திறந்தால் சட்டியைத் தூக்கிக் கூரையில் எறிவாள், அவ்வளவுதான். சூப்பர்மார்க்கெட்டில் காலை ஷிப்ட் முழுக்கச் சிரித்த முகத்தோடு காசு வாங்கிப் போட்டுவிட்டு வருகிற குமுதினிக்கு, அந்தச் சட்டி பறக்கிற காட்சி ஒரு மருந்து. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் எறியாமல் விட்ட சட்டிகள் கொஞ்சமா நஞ்சமா?

கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு இந்தத் தொடர் கண்ணில் காட்டக்கூடாது. ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து மினிகாப் ஓட்டுகிற மனிதர். எதற்கும் ஒரு நியாயம் வேண்டும் அவருக்கு.

“செத்த மனுசிக்கு நாளுக்கொரு சீலை எங்காலையப்பா வருது?” என்பார். சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றே சாப்பிடுவார்.

இது 2009 ஒக்டோபரில் நடந்தது. அப்போது அவருக்கு மூன்று வாரமாக நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு. டொக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அங்கே வயர்களை ஒட்டி, ஓடவிட்டு, படம் எடுத்து, முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தினமும் தபால்காரனுக்காகக் கதவடியில் நின்றார். குமுதினியோ முதல் நாளிலிருந்தே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“அது வாய்வு. உள்ளி போட்டு ரசம் வச்சுத் தாறன், குடியுங்கோ.”

மூன்று வாரமும் அதே வாய்வு, அதே ரசம்.

அப்படியிருக்க அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் மலையாளத்திலிருந்து ஒரு மந்திரவாதியைப் பிடித்து வந்துவிட்டாள். அவன் செப்புக் குடம் ஒன்றை நடுக்கூடத்தில் வைத்து, செண்பகவடிவை அதற்குள் இழுத்து, மூடியைக் கையில் எடுத்தான். மூடினால் ஏழு பிறப்புக்கும் வெளியே வர முடியாது. மூடி கீழே இறங்குகிறது. இறங்குகிறது. விளம்பர இடைவேளை.

குமுதினியால் இருக்க முடியவில்லை. டெலிபோன் கார்ட்டும் தங்க நகையும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, சுவரில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“பிள்ளையாரப்பா, செண்பகவடிவைக் காப்பாத்து. நூற்றெட்டுத் தேங்காய் அடிப்பிக்கிறன்!”

விளம்பரம் முடிந்தது. குடம் வெடித்தது. செண்பகவடிவு புதுச் சேலையோடு வெளியே பறந்தாள். நான்கு நிமிடத்தில் பலித்த நேர்த்திக்கடனைக் குமுதினி தன் ஆயுளில் கண்டதில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் நின்றாள்.

எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் கல்யாணி, மதுரைக்காரி, தொடரைப் பற்றிப் பேச இவளுக்கு இருந்த ஒரே துணை. குமுதினி அவளிடம் நேர்த்தியைச் சொன்னாள்.

“ஆண்ட்டி, சீரியல் பேய்க்கா நேந்துக்கிட்டீங்க?”

“ஓம். வாயில வந்திட்டுது.”

“சரி, நூத்தியெட்டு தேங்காய யாரு உடைப்பா?”

அப்போதுதான் குமுதினிக்கு அது உறைத்தது. அவர்கள் வழக்கத்தில் பெண்கள் கோயிலில் தேங்காய் அடிப்பதில்லை. வீட்டில் இருக்கிற ஆம்பிளை ஒருவர்தான். பேய்க்கு எங்கே சேலை என்று கேட்கிற ஆம்பிளை.

மறுநாள் காலை, எப்படியும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று குசினிக்குள் போனாள். அவர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேந்திட்டன். நீங்கள்தான் அடிச்சுத் தரவேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இதயத்தில ஒரு பிழையும் இல்லையாம். இப்பத்தான் கடிதம் வந்தது.” அதை அவளிடம் நீட்டினார். “நீர் எனக்காகவே நேந்தனீர்?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்து விசிலடித்தது. குமுதினி அதை அணைக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் பாரிஸுக்கு அடித்து, “வாய்வு வாய்வு எண்டு சொல்லிப்போட்டு, மனுசி களவாய் எனக்காக நூற்றெட்டுத் தேங்காய் நேந்திருக்கிறா” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒரு வாரம் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர் கோப்பை கழுவினார். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மினிகாப்பைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். காரில் ஏறுகிற ஆட்களிடமெல்லாம் தன் மனைவியின் அன்பைப் பற்றிச் சொன்னார். தமிழ் தெரியாத ஆட்களிடமும் சொன்னார். அவர் ஒவ்வொரு முறை தேத்தண்ணி போட்டுக் கொடுக்கும்போதும் குமுதினி அதை ஆறவிட்டு அப்படியே வைத்தாள்.

புதன்கிழமை இடி விழுந்தது. மந்திரவாதி புதுக் குடத்தோடு திரும்பி வந்தான். இந்த முறை இரும்புக் குடம். குமுதினிக்கு விளங்கிவிட்டது, பிள்ளையார் கடனைக் கேட்கிறார். செண்பகவடிவின் பெயரைச் சொல்லி அடிக்காவிட்டால் அவள் குடத்துக்குள் போவாள். பெயரைச் சொன்னால், டொக்டர்மார் நல்ல இதயம் என்று கடிதம் கொடுத்த மனிதரின் இதயம் கோயிலில் வைத்தே உடையும்.

“அங்கிள்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க ஆண்ட்டி,” என்றாள் கல்யாணி.

“சொல்லுறன், சொல்லுறன்,” என்றாள் குமுதினி. சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மினிகாப்பின் பின்பெட்டியில் மூன்று சாக்குத் தேங்காயோடு கோயிலுக்குப் போனார்கள். அயலில் வெள்ளைக்காரர் சத்தம் சத்தம் என்று கவுன்சிலுக்கு எழுதிப்போட்டதால், அங்கே தேங்காய் அடிப்பது பின்முற்றத்தில், ஒரு பெரிய தகரத் தொட்டிக்குள், பதினொரு மணிக்கு முன். ஸ்ரீஸ்கந்தராஜா வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையை இடுப்பில் இறுக்கி, முதல் தேங்காயைக் கையில் எடுத்தார். சட்டைப் பையில் கொண்டு வந்த கடிதத்தை, தொட்டிக்கு எதிரே இருந்த சின்னப் பிள்ளையாரின் காலடியில் வைக்கச் சொல்லி ஐயரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

ஐயர் பூவைக் கையில் எடுத்தார். “ஆருக்கு நேத்தி? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

ஸ்ரீஸ்கந்தராஜா நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

“செண்பகவடிவு,” என்றாள் குமுதினி. “ஆயிலிய நட்சத்திரம்.”

ஐயர் கண்ணை இமைக்கவில்லை. “கோத்திரம்?”

“அது இன்னும் காட்டேல்லை, ஐயா.”

“சிவகோத்திரமெண்டு சொல்லுறன்,” என்று ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். அவரும் ஏழரைக்குத் தொலைபேசி எடுப்பவர் அல்ல போலிருக்கிறது.

ஸ்ரீஸ்கந்தராஜா தேங்காயைக் கீழே வைத்தார். “ஆர் அது?” என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. “அந்தப் பேய்.”

“ஓம்.”

“எனக்கில்லை.”

“இல்லை.”

அவர் பிள்ளையாரின் காலடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். “நான் தம்பிக்கெல்லாம் சொல்லிப்போட்டன்,” என்றார், மெல்ல. “மூண்டு கிழமையா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். எனக்கு ஒரு தேங்காய்கூட நேர உமக்கு மனம் வரேல்லையே?”

அதைக் கேட்டதும் குமுதினிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

“உங்களுக்கு எப்பிடி நேருறது? நேரவேணுமெண்டால் உங்களுக்கு என்னமோ நடக்கப்போகுதெண்டு முதல் நினைக்கவெல்லோ வேணும்? அதை நினைக்க எனக்கு ஏலாது. அதுதான் வாய்வு வாய்வு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இரவிரவா நீங்கள் மூச்சு விடுறதை எண்ணிக்கொண்டு கிடந்தனான். அவளுக்கெண்டால் அழலாம். அவள் ஏற்கெனவே செத்தவள்தானே!”

தொட்டிக்குப் பக்கத்தில் தங்கள் முறைக்குக் காத்து நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் குரலை மட்டும் குறைத்துக்கொண்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜா இடுப்புச் சால்வையை மறுபடி இறுக்கினார். பிறகு குனிந்து தேங்காயை எடுத்தார்.

“அவவின்ர பேர் என்னெண்டு சொன்னனீர்?”

“செண்பகவடிவு.”

“செண்பகவடிவு!” என்று சத்தமாகச் சொல்லி ஓங்கி அடித்தார். தகரத் தொட்டி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஜன்னலைச் சாத்தினார். நூற்றெட்டையும் அவரே அடித்தார். அறுபதாவதில் கை மாற்றிக்கொண்டார். தொண்ணூறாவதில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமுதினி போதும் போதும் என்று கெஞ்சினாள். “நல்ல இதயமப்பா, கடிதம் இருக்கு,” என்று சொல்லி மிச்சத்தையும் முடித்தார். இரண்டு நாளைக்கு அவரால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. குமுதினிதான் சீவிவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு அவர் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போகவில்லை. வந்து சோபாவில், அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“நூற்றெட்டு அடிச்சவன், தப்புறாவோ இல்லையோ எண்டு பாக்கத்தானே வேணும்,” என்றார்.

இரும்புக் குடத்தின் மூடி செண்பகவடிவின் தலைக்கு மேலே வந்தது. குமுதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூடி இறங்கியது. பாதித் தலை உள்ளே போனது. விளம்பர இடைவேளை.

ஸ்ரீஸ்கந்தராஜா துள்ளி எழும்பினார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. வலிக்கிற தோளோடு இரண்டு கையையும் பிள்ளையார் படத்தைப் பார்த்துத் தூக்கினார்.

“பிள்ளையாரப்பா, ஆயிரத்தெட்டு…”

குமுதினி பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள்.