முட்டைக்கோஸ் இலையில் நிற்காத சொட்டு

முட்டைக்கோஸ் இலைக்குத் திமிர் ஜாஸ்தி. மெழுகு பூசின அதன் மேனியில் மருந்துச் சொட்டு விழுந்தால் பந்து மாதிரி எகிறி மண்ணுக்குப் போய்விடும். அந்தத் திமிரை அடக்க இரண்டு வருஷமாக மல்லுக்கட்டியே, ஆய்வுக்கூடத்தில் அந்த ஆராய்ச்சிக்காரிக்குச் 'சொட்டு' என்று பேராகிவிட்டது. வழியும் கண்டுபிடித்திருந்தாள். தண்ணீரில் ஒரு சிட்டிகை பசைத்தூள் கலந்தால் போதும், சொட்டு எகிறாது. அதை நேரில் பார்க்க அன்று காலை முட்டைக்கோஸ் பயிரிடும் ஒரு தோட்டக்காரர் வந்திருந்தார். அவர் தலையாட்டினால் அவருடைய நூறு ஏக்கரில் சோதனை. இல்லாவிட்டால் ஆய்வை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் சொட்டு விழுந்தது, விரிந்தது, சுருங்கியது, ஜம்மென்று எகிறித் தோட்டக்காரரின் சட்டையில் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே.

"சட்டையில நல்லாத்தாம்மா நிக்குது," என்றார் அவர்.

அவள் கரைசலை எட்டிப் பார்த்தாள். அங்கே இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அவளுடைய அண்ணன்தான் அன்று அதைக் கலக்கியிருந்தான். அவன் மூலையில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, இதை எதுல கலக்கின?"

"மிக்சியிலதான். மூணு மணி நேரம் நீ கையால கிண்டுறதைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. ரெண்டே நிமிஷத்துல முடிச்சேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தூளின் பலமே கண்ணுக்குத் தெரியாத அதன் நீள நீள இழைகள்தான். எகிறப் பார்க்கும் சொட்டைப் பிடித்து இழுப்பவை அவைதான். மிக்சி பிளேடு அத்தனையையும் நறுக்கிப் போட்டிருந்தது. நல்ல மனசோடு காரியத்தைக் கெடுத்தவனை எந்த வாயால் திட்டுவது?

மூடி மறைக்காமல் தோட்டக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "மறுபடியும் மெதுவா கிண்டணும். மூணு மணி நேரம் ஆகும். இருப்பீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சும்மா உட்கார்ந்தா எனக்குத் தூக்கம் வந்துரும். கரண்டியை இப்படிக் குடுங்க."

மூவரும் மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். அண்ணன் வேகமெடுத்தபோதெல்லாம் தோட்டக்காரர் அவன் கையில் ஒரு தட்டு தட்டினார்.

மதியம் மறுபடி சொட்டு விழுந்தது. தட்டையாக விரிந்தது, சுருங்கப் பார்த்தது, முடியாமல் அப்படியே படுத்துவிட்டது. பத்துச் சொட்டு விட்டார்கள். பத்தும் அசையவில்லை. தோட்டக்காரர் இலையை நிமிர்த்திப் பிடித்து ஆட்டியும் பார்த்தார்.

"நூறு ஏக்கர்லயும் போடலாம்," என்றார். "ஆனா கிண்டுறதுக்கு என்னைக் கூப்பிடுங்க. உங்க அண்ணன் வேணாம்."

முதலில் சிரித்தவன் அண்ணன்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.