குணவதியின் எண்பத்தொன்பதாம் நாள்

விடிய ஐந்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. பனி. பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் பூட்டு. நிலாணி போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினாள். பன்னிரண்டாம் வகுப்பு, அன்றைக்குக் கணக்குச் சோதனை. அதுவும் இல்லை இனி. அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம் இருந்தது.

"நிலா." அம்மா கதவடியில் நின்றாள். "உனக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"ரீவியிலை போகுது."

அம்மாவின் வலது மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி ஊதி, நிறமும் மாறிக் கிடந்தது. முதல் நாள் பின்னேரம் மழை. பெய்த மழை அப்படியே உறைந்தது. உறைந்ததற்கு மேல் பனி தூவியது. ஸ்கார்பரோவில் அவர்கள் இருக்கும் தொடர்மாடியின் வாசலில் உப்புப் போட ஒருவரும் இல்லை. அம்மா வேலையால் வந்து இறங்கி, வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள்.

அம்மா குணவதிக்கு அந்த வேலையில் இன்றைக்கு எண்பத்தொன்பதாவது நாள். மிசிசாகாவில், சமைத்த சாப்பாட்டைத் தட்டில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பும் பக்ரறி. ஆள் பிடித்துக் கொடுப்பது ஒரு ஏஜென்சி. தொண்ணூறு நாள் தவறாமல் வந்தால் பக்ரறி தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பல்லுக்கும் மருந்துக்கும் வழி, காய்ச்சல் வந்தால் படுக்க உரிமை. ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். போன வருசம் எழுபத்திரண்டாம் நாள் காய்ச்சலில் விழுந்து, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியவள் அவள்.

"ஒரு நாள்தான் பிள்ளை, எனக்குப் பதிலாய் நீ போ. முகத்துக்கு மாஸ்க், தலைக்கு வலை, கண்ணுக்குக் கண்ணாடி. அங்கை ஆரும் ஆற்றை மூஞ்சையும் பாக்கிறேல்லை. வேலைக் கார்ட்டிலை படமும் இல்லை, பேர் மட்டும்தான்."

"பிடிச்சால்?"

"கொப்பர் வந்த புதுசிலை ரெண்டு வருசம் இன்னொருத்தற்றை கார்ட்டிலை வேலை செய்தவர். ஆர் பிடிச்சது?"

அப்பா இப்போது லொறியோடு வினிப்பெக்கில் பனிக்குள் மாட்டுப்பட்டு நின்றார்.

"வருசத்துக்கு ஒருநாள் இப்பிடிப் பூட்டுறாங்கள். அதையும் உங்கடை பக்ரறிக்குக் குடுக்கோணுமோ?"

அம்மா இடது கையால் கார்ட்டை எடுத்து மகளின் கழுத்தில் போட்டாள்.

"வாயைத் திறக்காதை. நான் அங்கை கதைக்கிறேல்லை. ஓகே, யெஸ். அவ்வளவுதான்."

பிளாசா வாசலில் ஏஜென்சி வான் நின்றது. பள்ளிக்கூட பஸ் போகாத வீதியில் அது போகும். ஓட்டுகிற பெடியன் றொய்சன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான்.

"அன்ரி, இரவோடை இரவாய் மெலிஞ்சு போனியள்."

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். எண்பத்தெட்டு நாளும் மெசினில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற மரியம்மா தள்ளியிருந்து இடம் கொடுத்தாள்.

"குணவதி, முகத்துக்கு என்னத்தைப் பூசினனி? எனக்கும் ஒரு போத்தில் வாங்கித் தா."

"பகிடி விடாதேங்கோ அன்ரி."

"கதைச்சுப் போட்டாளே. அங்கை வந்து கதைச்சுக் கிதைச்சு வைக்காதை பிள்ளை. கொம்மாவுக்கு நாளையோடை தொண்ணூறு முடியுது."

பதினாலு பேர் ஏறவேண்டிய வானில் ஆறு பேர். மிசிசாகா போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். வழியில் மூன்று கார் பள்ளத்துக்குள் கிடந்தன.

தட்டு அடைக்கும் லைனை நடத்துகிறவன் வாகீசன். யாழ்ப்பாணத்து ஆள், வந்து இருபது வருசம், கையில் எப்போதும் ஒரு பேனை. ஆறு பேரையும் எண்ணினான்.

"பனி கொட்டினால் சனத்துக்குப் பசிக்காதோ? பதினாலு பேற்றை வேலையும் இண்டைக்குப் போகோணும்."

நிலாணியின் கார்ட்டைப் பார்த்தான். பிறகு கண்ணைப் பார்த்தான். விளங்கிக்கொண்டான்.

"குணவதி அக்கா, சுகமோ?"

அவள் தலையாட்டினாள்.

"நல்லது. உப்பிடியே தலையை ஆட்டிக்கொண்டு நில்லுங்கோ."

உள்ளே பிரிட்ஜுக்குள் நிற்கிற குளிர். பெல்ற் பதினாலு பேருக்கு ஓடுகிற வேகத்திலேயே ஓடியது. தட்டுகள் வர வர நிலாணி கோழித்துண்டு போட்டாள். தட்டு மரியம்மாவிடம் போகும். அங்கே சூட்டுத் தகடு ஒன்று மேலிருந்து இறங்கி, பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவிட்டு எழும்பும். ஒரு மணித்தியாலத்துக்குள் விரல் விறைத்துவிட்டது. இடுப்பு பலகையாகிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தோடு நிலத்தில் கொஞ்ச நேரம் கிடப்பது ஏன் என்று இதுவரை நிலாணி கேட்டதில்லை.

பதினொரு மணிக்குச் சாமான் ஏற்றும் கதவைத் திறந்தார்கள். வெளியே பனி இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"இதுக்கோ பள்ளிக்கூடத்தைப் பூட்டினவங்கள்," என்றாள் ஒருத்தி.

கொஞ்ச நேரத்தில் தட்டுகள் தகட்டடியில் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிச் சிக்கின. மரியம்மா சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள். வாகீசன் தூர நின்றே சொன்னான்:

"நிப்பாட்டாதை. கையை விட்டு இழு."

மரியம்மா மெசினின் மூடியைத் தூக்கினாள். மூடியைத் தூக்கினால் மெசின் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. தூக்கியதை மெசினுக்குக் காட்டிக் கொடுக்கும் சுவிச்சைச் சாம்பல் நிற ஒட்டு ரேப்பால் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். ஊத்தை பிடித்த பழைய ரேப். தகடு இறங்கியது, எழும்பியது. எழும்பும்போது மரியம்மா கையை விட்டாள், இறங்கமுன் எடுத்தாள். பழகிய கை. ஒன்று, இரண்டு. மூன்றாம் தரம் கையுறையின் நுனி தகட்டில் ஒட்டி இழுபட்டது.

நிலாணி பொத்தானில் அடித்தாள்.

லைன் முழுக்க நின்றது. எரிந்த ரப்பர் மணத்தது.

"ஆர் நிப்பாட்டினது?" வாகீசன் வந்தான். "திரும்பச் சூடாக இருபது நிமிசம் எடுக்கும், தெரியுமோ?"

"கை போனால் எத்தினை நிமிசம் எடுக்கும்?"

அவன் பேனையால் அவளுடைய கார்ட்டைத் தட்டினான். "அக்காவுக்கு இண்டைக்குக் குரல் வந்திட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கொம்மா நாளைக்கு எங்கை நிக்கப்போறா எண்டு யோசி. பொத்தானை விட்டுட்டுப் போய் உன்ரை இடத்திலை நில்."

அந்த ஒரு சொல்லுக்கு அவள் அடங்கியிருப்பாள். அவன் சிரித்திருக்காவிட்டால் அடங்கியே இருப்பாள்.

மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பக்ரறியின் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்து இங்கிலீசில் கத்தினாள். மஞ்சள் அங்கியோடு அந்த வெள்ளைக்காரி இறங்கி வந்தாள். நிலாணி ரேப்பைக் காட்டினாள், உருகிய கையுறையைக் காட்டினாள், ஆபத்தான வேலையை மறுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். அதிகாரி ரேப்பை உரித்தாள். ஒரு படிவம் எடுத்தாள். முறைப்பாடு செய்தவரின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் கார்ட்டைப் பார்த்து எழுதினாள். குணவதி.

அப்போதுதான் நிலாணிக்கு உறைத்தது. இது நான் இல்லை என்று சொன்னால் கள்ளக் கார்ட். சொல்லாவிட்டால் முறைப்பாடு அம்மாவினுடையது. அதிகாரி பேனையை நீட்டினாள். அம்மா தமிழில்தான் கையெழுத்து வைப்பாள். நிலாணியும் தமிழில் வைத்தாள்.

உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குத் தேவை என்று சொல்லிவிட்டு அதிகாரி மேலே போனாள். வாகீசன் படிவத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தான்.

"வடிவான எழுத்து, அக்கா."

மரியம்மா எரிந்த கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாள். விரல் நுனி சிவந்திருந்தது.

"ஆர் பிள்ளை உன்னைக் கேட்டது?" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கத்தவில்லை. ஐஸ் பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரேப் நான் போன முதல் நாளே கிடந்தது."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்? மரியம்மா அன்ரி தினமும் கையை விடுறா. நீங்களும் விட்டனீங்களோ?"

"விட்டனான்."

"ஏனம்மா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ ஒருநாள் போனனி," அம்மா சொன்னாள். "ஒருநாள்."

அன்றிரவு பெய்த மழை மறுபடி உறைந்து, விடியும்போது வீதி கண்ணாடியாகக் கிடந்தது. பூட்டவேண்டிய நாள் அதுதான். பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அம்மா கைக்குத் துணி சுற்றி, மற்றக் கையால் மகளைப் பிடித்துக்கொண்டு பிளாசாவுக்கு நடந்தாள்.

றொய்சன் கண்ணாடியைப் பாதி இறக்கினான். முகம் பார்க்கவில்லை.

"அன்ரி, உங்கடை பேரை எடுத்திட்டினம். ஏஜென்சி மெசேஜ் போட்டிருக்கு."

"என்னத்துக்காம்?"

"வேலை குறைவாம்."

வானுக்குள் இரண்டு புது முகம் இருந்தது.

"நான் வந்து சொல்லுறன், அது அம்மா இல்லை, நான் எண்டு," நிலாணி கதவில் கையை வைத்தாள்.

"விடு கையை." அம்மா அவளை இழுத்தாள். "சொல்லி என்ன, கள்ளி எண்ட பேரும் எடுக்கவோ?"

மரியம்மா இவ்வளவு நேரமும் முன் சீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தலையை நீட்டினாள். விரலில் பிளாஸ்டர்.

"குணவதி, அவன் ரேப்பை நேற்றுப் பின்னேரமே திரும்ப ஒட்டிப் போட்டான்."

"அந்த மஞ்சள் அங்கிக்காரி?"

"நாலு மணிக்கே வீட்டை போயிட்டாள்."

"நீ இண்டைக்கும் அந்த இடத்திலையோ?"

"வேறை எங்கை?"

றொய்சன் கண்ணாடியை ஏற்றினான். வான் சறுக்கிச் சறுக்கி வீதிக்கு ஏறியது. அம்மா அது திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கால் புகை புகையாக மூச்சு வந்தது.

"உங்கடை படிப்பிலை உதுக்கு ஒரு கந்தோர் சொன்னவையெல்லே, தொழில் மினிஸ்றியோ என்னவோ. நம்பரை எடு."

"அம்மா, வேலைதான் போயிட்டுதே."

"என்ரை வேலை போயிட்டுது. அவளின்ரை கை இன்னும் கிடக்கு. எடு. பக்ரறி பேர், லைன் நம்பர், அவன்ரை பேர் எல்லாம் நான் சொல்லுறன், நீ இங்கிலீசிலை சொல்லு. ஆர் கதைக்கிறது எண்டு கேட்டால் குணவதி எண்டு சொல்லு."

நிலாணி போனை எடுத்தாள். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"சோதனை முதல் பாடத்துக்கு வைச்சிருக்கினம். பிந்தினால் விடமாட்டினம்."

"நீ தொடங்கினனி," என்றாள் அம்மா. "பிந்திப் போ."