உப்பில்லாமல் தின்ற பழம்

ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வாயை மூடிக்கொண்டே சத்தம் போடத் தெரியும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் நாற்பது மூக்குகளிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். திரும்பிப் பார்த்தால் எல்லா உதடுகளும் ஒட்டியிருக்கும். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போன ஒரு மாதத்தில், அவருக்குப் பதிலாக வந்த இருவரை இந்த ரீங்காரமே ஊருக்கு அனுப்பிவிட்டது.

மூன்றாவதாக வந்தவள் சுகன்யா. செட்டிகுளத்துக்காரி. பெரம்பலூரில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, பி.எட். சான்றிதழை நம்பி ஆண்டிமடம் பக்கத்திலிருந்த அந்தப் பள்ளிக்கு வந்திருந்தாள். நான்கு நாள் கத்தியதுதான் மிச்சம். தலைமையாசிரியர் காசிநாதன் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“நாளைக்கு மூணாவது பீரியடு நான் வந்து பின்னாடி உக்காருறேன்மா. பசங்க அடங்கலைன்னா வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

மறுநாள் இடைவேளையில் ஷைனி ஒரு பையோடு வந்தாள். வகுப்பில் ரீங்காரத்தைத் தொடங்கி வைப்பவள் அவள்தான் என்பது சுகன்யாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“எங்க கொல்லையில காச்சது டீச்சர். முந்திரிப்பழம். உங்க ஊருல வெங்காயந்தான கெடைக்கும்?”

சுகன்யா நெகிழ்ந்துபோனாள். சாறு முழங்கை வரை வழிய மூன்று பழங்களைத் தின்றாள். வகுப்பு மொத்தமும் அவளை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் உப்புத் தொடாமல் முந்திரிப்பழத்தை யாரும் வாயில் வைப்பதில்லை. அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மணி அடித்தது. “எல்லாரும் உக்காருங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டைக்குள் யாரோ தேங்காய் நாரைத் திணித்த மாதிரி இருந்தது.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த சம்பூர்ணம் இருமலைக் கேட்டுத் தண்ணீரோடு வந்தாள். மேசைமேல் கிடந்த கொட்டைகளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உப்புத் தொட்டுக்காம தின்னுப்புட்டீங்களா? இந்த ஊரு சின்னப் புள்ளைக்குக்கூட தெரியுமே டீச்சர், தொண்டையக் கட்டிரும்னு. எவ குடுத்தா?”

சுகன்யா ஷைனியைப் பார்த்தாள். ஷைனி கூரையைப் பார்த்தாள். வெளியே காசிநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது.

சுகன்யா சாக்பீஸை எடுத்தாள்.

‘எனக்கு என்ன ஆயிற்று என்று ஹெச்.எம். கேட்பார். பேசத்தான் முடியாது. பெயர் எழுத முடியும்.’

எல்லோரும் படித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு அழித்தாள்.

“லியோ, வாய மூடிக்கிட்டுக் கெட” என்றாள் ஷைனி, பின் பெஞ்சுப் பக்கம் திரும்பி.

“மூடிக்கிட்டுத்தான்டி இருக்கேன்” என்றான் லியோ பிரபு.

“மூக்கையும் மூடு.”

காசிநாதன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சுகன்யா ஒரு முக்கோணம் வரைந்தாள், கணக்கை எழுதினாள், லியோ பிரபுவை விரலால் அழைத்தாள். அவன் பயத்திலேயே சரியாகப் போட்டுவிட்டான். அடுத்து ஷைனியை அழைத்தாள். நான்கு முறை கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். சாலையில் போகும் சிமெண்ட் லாரியின் சத்தம் அந்த வகுப்புக்குள் முதல்முறையாகக் கேட்டது.

பீரியடு முடிந்ததும் காசிநாதன் எழுந்து வந்தார்.

“நாலு நாளா நீங்க கத்துனது என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. இன்னைக்கு ஒரு வார்த்தை பேசல, பசங்க அப்புடியே பொட்டிப் பாம்பா இருக்குதுங்க. எப்புடிம்மா?”

சுகன்யா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“பரீட்ச முடியிற வரைக்கும் நீங்கதான். இந்த முறைய மத்த டீச்சருங்களுக்கும் சொல்லணும்.”

அவர் போன பிறகு லியோ பிரபு பெஞ்சில் தலையைச் சாய்த்தான். “நல்லா பழம் குடுத்தடி. நாமளே வேல வாங்கிக் குடுத்துட்டம்.”

மறுநாள் சுகன்யாவுக்குப் பாதிக் குரல் திரும்பியிருந்தது. வந்ததும் வராததுமாக ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கல்லுப்பு.

“பழம் யாரு கொண்டாந்திருக்கீங்க?”

“இன்னைக்குக் கொண்டாரல டீச்சர்” என்றாள் ஷைனி, குனிந்த தலையோடு.

“பரவால்ல. இங்கயே இருக்கட்டும். உப்பு பரீட்ச வரைக்கும் கெட்டுப் போவாது.”

சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.